‘நினைத்தால் விட்டுவிடலாமே’: இதை அளக்க முடியுமா?

குடிநோயாளியைப் பற்றி வீட்டில் இரண்டு பேச்சு உண்டு. “மனசு வைத்தால் விட்டுவிடுவான்” என்பார் ஒருவர். “இனி அவன் கையில் எதுவுமில்லை” என்பார் இன்னொருவர். ஆனால் ஒரே ஆளிடமே கட்டுப்பாடு வேளைக்கு வேளை ஏறி இறங்கும். போதையிலோ கை நடுக்கத்திலோ இருப்பவரிடம் கேள்வித்தாளை நீட்டினால், கிடைப்பது அந்த வேளையின் அளவு மட்டுமே.

‘கட்டுப்பாட்டுக் குறைவு அளவுகோல்’ என்றொரு கேள்வித்தாள் இருக்கிறது. குறைக்க முயன்றாரா என்று 5 கேள்விகள், முயன்று தோற்றாரா என்று 10, இனி முயன்றால் முடியுமென நினைக்கிறாரா என்று 10. பலர் தோல்வியை மட்டும் கூட்டிப் பார்த்துவிடுகிறார்கள். முயலவே இல்லாதவருக்குத் தோல்வி எங்கிருந்து வரும்? அவருடைய குறைந்த எண்ணைக் கட்டுப்பாடு என்று எழுதிவிடுவது பெரும்பிழை. முதல் பகுதியைப் படித்த பிறகே இரண்டாவதைப் படியுங்கள்.

இன்னொரு வழி, காத்திருக்கும் திறனை அளப்பது. 27 கேள்விகள். “இன்றே 55 டாலரா, 61 நாள் கழித்து 75 டாலரா?” என்பது அவற்றில் ஒன்று. காத்திருக்க வேண்டிய பணத்தின் மதிப்பு ஒருவர் மனதில் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதே தள்ளுபடி விகிதம். இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றுபவருக்கு அது நாளுக்குச் சுமார் 0.006, இன்றையதையே எடுப்பவருக்கு அதைவிட அதிகம். ஹெராயின் பழக்கமுள்ளவர்களுக்கு இந்த விகிதம் மற்றவர்களைவிட உயர்ந்திருந்ததை 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் நாளைக் காலை கடனைக் கட்ட வேண்டியவரும் இன்றைய பணத்தைத்தான் எடுப்பார். அது விவேகம். கடன் உண்டா என்று முதலில் கேட்டுவிட்டு மதிப்பிடுங்கள்.

எளிய அளவு ஒன்றும் உண்டு: குறிப்பேடு. குடிக்கும் முன்பே “இன்று இவ்வளவு” என்று எழுத வேண்டும். மறுநாள் காலை, குடித்த அளவைப் பக்கத்தில் எழுத வேண்டும். 2 என்று எழுதிய இடத்தில் 6 வந்தால், யாருடன், எத்தனை மணிக்கு, சாப்பிட்டாரா என்பதையும் சேர்த்துக் குறிக்கலாம். சில வாரங்களில், மீறல் எந்தெந்த நாளில் குவிகிறது என்று தெரியவரும். சிகிச்சையை அங்கிருந்து தொடங்கலாம்.

வீட்டார் வைக்கும் சோதனை ஒன்றை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள்: “இரண்டு நாள் தொடாமல் இருந்து காட்டு.” தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், அதன் பிறகு மனக்குழப்பமும் உயிராபத்தும்கூட நேரலாம். நடுக்கம் தாங்காமல் அவர் மீண்டும் குடித்ததை வைத்து மன உறுதியை எடை போட முடியாது. நிறுத்துவதை மருத்துவரின் கண்காணிப்பில் செய்யுங்கள். அளப்பதை, உடல் தேறிய பிறகு.