எல்லாத் தலைபாரமும் சைனஸ் இல்லை

"பெங்களூர் வந்ததிலேர்ந்து சைனஸ், டாக்டர்." அல்சூர் பக்கமிருந்து வரும் நம்மவர்கள் நாற்காலியில் உட்காருவதற்குள் இதைச் சொல்லிவிடுவார்கள். குளிர், தூசு, பார்த்தீனியச் செடி எல்லாம் இங்கே உண்டுதான். ஆனால் சைனஸ் என்பது நோயின் பெயரல்ல. மூக்கைச் சுற்றி எல்லோருக்கும் இருக்கும் காற்றறை. அதன் சவ்வு வீங்கி, 12 வாரமாகியும் அடங்காவிட்டால்தான் நாள்பட்ட அழற்சி. மூக்கடைப்போ சளியோ கட்டாயம் இருக்கும்; கூடவே முகத்தில் கனம், வாசனை தெரியாமல் போவது. மூக்கில் தொந்தரவே இல்லாமல், வெளிச்சம் கூசி, குமட்டலோடு வரும் தலைவலி பெரும்பாலும் மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி. அதற்குப் போய் வருடக்கணக்கில் ஆவி பிடிப்பார்கள்!

அறிகுறியைக் கேட்டால் மட்டும் போதாது, உள்ளே பார்க்க வேண்டும். ஒரு அம்மா, நாற்பதைத் தாண்டியவர். இடது மூக்கில் மட்டும் சளி, கெட்ட வாடை. "எனக்கு மட்டும்தான் நாறுது டாக்டர், பையன் ஒண்ணும் இல்லங்கறான்." வேறோர் இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, ஆன்டிபயாடிக் மூன்று முறை மாற்றியிருந்தார்கள். மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப் குழாயில் இடப்பக்கம் மட்டும் சீழ் இறங்கிக்கொண்டிருந்தது. மேல்கடைவாய்ப் பல்லை லேசாகத் தட்டினேன், முகத்தைச் சுளித்தார். சி.டி. ஸ்கேனில் அந்தப் பல்லின் வேர்முனையில் சீழ்ப்பை, நேர் மேலே கன்ன சைனஸ் முழுக்க அடைப்பு. முதலில் பல் டாக்டரிடம் அனுப்பினேன். ஒரு பக்கம் மட்டும் தொந்தரவு என்றால் பல், பூஞ்சைக் கட்டி, அபூர்வமாகப் புற்று என்று தேடியே ஆகவேண்டும். சாதா எக்ஸ்ரேயை இதற்கு நான் நம்புவதில்லை.

பெரும்பாலோருக்குத் தேவை ஆன்டிபயாடிக் அல்ல. இது கிருமியைவிட வீக்கத்தின் கதை. உப்புநீரால் கழுவுவதும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும்தான் அடிப்படை. கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை ஆப்பசோடா. "கேன் தண்ணி சுத்தம்தானே?" என்று கேட்பார்கள். குடிக்கச் சுத்தம், மூக்குக்கு அல்ல. கொதிக்கவைத்து ஆறவிட்டே ஊற்றுங்கள்.

ஸ்டீராய்டு என்றதும் பயம். ஸ்ப்ரேயில் மருந்து மைக்ரோகிராம் அளவுதான். உடம்புக்குள் சேர்வது மிகக் குறைவு. அடிக்கும் முறையில்தான் கோட்டை விடுகிறார்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இடது மூக்கில், நடுச்சுவரை விட்டு விலக்கி, காதைப் பார்த்து அடிக்க வேண்டும். உறிஞ்சக் கூடாது, உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். பலன் தெரிய சில வாரமாகும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து நிமிடத்தில் மூக்கைத் திறக்கும். அதனாலேயே அது ஆபத்து: ஒரு வாரம் தாண்டினால் அதுவே அடைப்பை உண்டாக்கும். தலையணைக்கடியில் பாட்டிலோடு ஐந்து வருடம் தூங்கியவரைப் பார்த்திருக்கிறேன்.

மருந்துக்கு அடங்காவிட்டால், பாலிப் என்ற சதை மூக்குக்குள் வளர்ந்து வாசனையை அடைத்திருந்தால், எண்டோஸ்கோப் வழி அறுவைசிகிச்சை. பாலிப்போடு ஆஸ்துமாவும் இருந்தால், வலி மாத்திரை ஒத்துக்கொள்ளுமா என்று முன்பே கேட்பேன். ஆஸ்பிரின் சிலருக்கு மூச்சை அடைத்துவிடும். ஆபரேஷன் முடிந்ததும் ஸ்ப்ரேயை நிறுத்திவிடுகிறார்கள். ஆபரேஷன் வழியைத்தான் திறக்கிறது. வீங்கும் குணம் சவ்வில் அப்படியேதான் இருக்கிறது.

கண் வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, சர்க்கரை உள்ளவருக்குக் கன்னம் மரத்துப்போனாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே வாருங்கள், ராத்திரியானாலும்.