கோபம் யாருடையது? உங்களுடையதா, எழுதியவருடையதா?

கிருஷ்ணகிரியில் வங்கித் தேர்வுக்கும் மற்ற போட்டித் தேர்வுகளுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பத்தியைப் படித்து விடை எழுதும் பகுதியில், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே கோட்டை விடும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த விஷயத்தில் ஆசிரியரின் மனப்போக்கு என்ன?" பத்தி புரியாமல் தவறு செய்கிறவர்கள் குறைவு. புரிந்து, படிக்கும்போதே தனக்கு ஒரு கோபமோ பரிதாபமோ வந்து, அதை எழுதியவர் தலையில் கட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

வகுப்பில் நானே எழுதிக் கொடுக்கும் ஒரு பத்தி மாங்கூழ் ஆலைகளைப் பற்றியது. சாரம் இதுதான்: 'இந்த ஆலைகள் இல்லாவிட்டால் சீசனில் பெங்களூரா பழத்தை இவ்வளவு வாங்க ஆளிருக்காது. தோட்டக்காரருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனாலும் விலை பேசும்போது அவர் சொல்லுக்கும் மதிப்பு இருந்தால்தான் இந்த ஏற்பாடு முழுமையாகும்.' விடைகள் ஐந்து: கடும் கண்டனம், அக்கறையின்மை, குறையோடு கூடிய ஆதரவு, முழுப் பாராட்டு, கேலி.

போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் மாந்தோப்பு உள்ள வீட்டுப் பிள்ளைகள் சட்டென்று கண்டனத்தைக் குறிப்பார்கள். பழம் ஏற்றிய வண்டியோடு அப்பா ஆலை வாசலில் காத்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. சரி, அந்தக் கண்டனம் எந்த வரியில் இருக்கிறது, விரல் வைத்துக் காட்டு என்றால் கை நிற்கும். 'சின்ன விஷயமில்லை' என்பது பாராட்டு. 'ஆனாலும்' என்பதற்கு அப்புறம் வருவது குறை. இரண்டுக்கும் இடம் கொடுப்பது மூன்றாவது விடை மட்டும்தான்.

யுபிஎஸ்சி குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் திறனறித் தாளான சிசாட் வினாத்தாளில், விடைகள் பத்தியை மட்டுமே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று பத்திகளுக்கு மேலேயே அச்சிட்டிருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை!

இன்னொரு பொறி, பத்திக்குள் பேசுகிற மற்றவர்கள். 'விமர்சகர்கள் இப்படிச் சொல்கிறார்கள்' என்று நாலு வரி காட்டமாகப் போகும். ஐந்தாவது வரியில் 'ஹவ்எவர்' (ஆனாலும்) என்று ஆரம்பித்து ஆசிரியர் அதை மறுப்பார். காட்டம் மனதில் நின்றுவிடும், மறுப்பு நழுவிவிடும். கணினித் தேர்வில் பத்தியில் கோடு போட முடியாது. அதனால் ரஃப் தாளில் ஆசிரியர் சொன்னதற்கு ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போட்டு, அடுத்தவர் சொன்னதை வட்டத்துக்குள் போடச் சொல்வேன். 'மியர்லி' (வெறுமனே), 'அன்ஃபார்ச்சுனேட்லி' (துரதிர்ஷ்டவசமாக), 'சோ கால்டு' (என்று சொல்லிக்கொள்ளப்படுகிற) மாதிரி சின்னச் சொற்களில்தான் எழுதியவரின் முகம் தெரியும்.

அக்கறையின்மை என்ற விடை பெரும்பாலும் தூண்டில். அக்கறை இல்லாதவர் எதற்கு மெனக்கெட்டு எழுதப்போகிறார்? நடுநிலை என்பது வேறு. தகவலை மட்டும் சொல்லும் அறிவியல் பத்திக்கு அது பொருந்தும். தீவிரமான சொல் உள்ள விடை எப்போதும் தவறு என்று சில பயிற்சிக் குறிப்புகளில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வரிக்கு வரி சாடுகிற பத்திக்குக் கண்டனம்தானே சரி?

வங்கி அதிகாரி வேலைக்கான ஐபிபிஎஸ் பிஓ முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், 20 நிமிடம். தவறான விடைக்கு, அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழியும். ஐந்தில் மூன்றை நீக்கிவிட்டீர்கள், மீதி இரண்டில் குழப்பம் என்றால், விரல் வைத்துக் காட்ட முடிகிற விடையைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். ஒன்றையும் நீக்க முடியவில்லையா, தொடாமல் விடுங்கள்.