கோப்புப் பாதையா, இணைய முகவரியா?

பாம்பன் வடகடலில் இறங்கும் படகுகளுக்கு, ஐதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்பைக் காட்டும் செயலி என்று வைத்துக்கொள்வோம். கரையில் நெட்டிலிருந்து எடுக்கலாம். கரை விலக விலக டவர் போய்விடும். பிறகு போனில் சேமித்த நகல்தான். ஆக, செயலியின் நிரலில் ஒரே ஃபங்ஷனுக்கு ஒருமுறை இணைய முகவரி வரும், மறுமுறை கோப்புப் பாதை வரும். வந்தது எது என்று அது எப்படி அறிவது?

‘எச்டிடிபி’ என்று தொடங்கினால் இணையம் என்பது பலரும் எழுதும் வரி. ‘எச்டிடிபி_பதிவு’ என்ற கோப்பும் அதில் மாட்டிக்கொள்ளும். ‘://’ இருக்கிறதா என்று பார்ப்பதும் உதவாது: ஆண்ட்ராய்டில் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும் ‘கன்டென்ட்://’ முகவரியிலும் அது உண்டு, தேர்ந்தெடுத்த கோப்போ போனுக்குள்ளேயே இருக்கலாம்.

இவற்றைவிட மோசமானது, ‘கோப்பு இருந்தால் திற, இல்லாவிட்டால் நெட்டில் தேடு’ என்பது. நகல் அழிந்திருந்தால் பாதையையே முகவரியாக எண்ணி நெட்டுக்குப் போகும். திரையில் ‘இணைப்பு இல்லை’ என்று வரும். உண்மையில் இல்லாதது கோப்பு.

முடிந்தால் ஊகிக்கவே வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனி ஃபங்ஷன் வையுங்கள். ஊகித்தே ஆக வேண்டுமென்றால், பைத்தான் நிரல்மொழியில் முகவரியைப் பிரிக்கும் யூஆர்எல்பார்ஸ் தரும் ஸ்கீமை, அதாவது முகவரியில் முதல் ‘:’-க்கு முன்னுள்ள பகுதியை, பாருங்கள். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் மட்டும் இணையம். வெற்று ஸ்கீம் உள்ளூர்ப் பாதை. விண்டோஸின் ‘சி:\தரவு’ பாதையில் அது ‘சி’யையே ஸ்கீம் என்று சொல்லும், ஓரெழுத்து என்றால் டிரைவ் என்று கொள்ளுங்கள். மற்றவற்றை மறுத்துவிடுங்கள். முகவரியைத் திறக்கும் பைத்தானின் யூஆர்எல்ஓப்பன், உள்ளூர்க் கோப்பைக் குறிக்கும் ‘ஃபைல்:///’ முகவரியையும் திறக்கும். வெளியார் தரும் முகவரியைச் சர்வரில் அப்படியே கொடுத்தால், சர்வரின் சொந்தக் கோப்புகளையே வாசித்துக் கொடுத்துவிடும்.

பாதையின் முன்னால் ‘ஃபைல்://’ ஒட்டி முகவரி செய்வதும் தவறு. ‘வடகடல் #2’ என்ற பெயரில் # தொடங்கிப் பின்னுள்ளது கழன்றுவிடும். தமிழ்ப் பெயர் என்றால் இன்னும் நீளும்: ‘வடகடல்’ 6 யூனிகோட் குறியீடு, 18 பைட்; முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ‘%’ குறியும் இரண்டு எழுத்துமாக மாறுவதால் 54 எழுத்து. இதைக் கையால் செய்யாமல் பாதைகளைக் கையாளும் பைத்தான் நூலகமான பாத்லிப்பின் ஏஸ்_யூஆர்ஐ-யிடம் முழுப் பாதையாகக் கொடுங்கள்.

நெட்டிலிருந்து தரவு எடுக்கும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு இயல்பான காலவரம்பு கிடையாது. டவர் பாதியில் அறுந்தால் காத்துக்கொண்டே இருக்கும். இணைப்பு கிடைக்க 5 நொடி, பதிலுக்கு 15 நொடி என்று எழுதிவிடுங்கள். தாண்டினால் நகலைத் திறந்து, அது எடுக்கப்பட்ட தேதியையும் நேரத்தையும் கணிப்புக்கு மேலேயே பெரிய எழுத்தில் காட்டுங்கள்.