அமினோரியா – மாதவிடாயின்மை

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ போகும் கர்ப்பிணியின் ஓ.பி. சீட்டில் ‘எட்டு மாத அமினோரியா’ என்று எழுதியிருப்பதைக் கண்டு வீட்டார் பதறுவதுண்டு. எட்டு மாதமாக விலக்காகவில்லை என்பதே அதன் பொருள், அது நோயின் பெயரன்று. கிரேக்கத்தில் ‘அ’ இன்மையையும், ‘மென்’ மாதத்தையும், ‘ரோயியா’ ஒழுக்கையும் குறிக்கும்.

தமிழில் ‘மாதவிடாயின்மை’ என்பதே பொருத்தமானது. ‘மாதவிடாய் நிற்றல்’ என்றால் ஐம்பதை ஒட்டி இயல்பாக நிற்கும் மெனோபாஸோடு குழம்பும். தொல்காப்பியக் கற்பியலில் மாதந்தோறும் வருவதற்கே ‘பூப்பு’ என்ற சொல் உண்டு என்றாலும், இன்று அது வயதுக்கு வருவதை மட்டுமே நினைவூட்டுவதால், ‘பூப்பின்மை’யை ஒருமுறையும் வராத முதல்நிலைக்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. உடல் வளர்ச்சி இயல்பாக இருந்தும் 15 வயதுவரை வயதுக்கு வராதிருப்பது முதல்நிலை. 13 வயதிலும் மார்பு வளர்ச்சி தொடங்காவிட்டால் அப்போதே காட்ட வேண்டும். வந்துகொண்டிருந்தது, ஒழுங்காக வருபவருக்கு மூன்று மாதமும் ஒழுங்கின்றி வருபவருக்கு ஆறு மாதமும் வராதிருந்தால் இரண்டாம்நிலை. காசிமேட்டுப் பக்கம் ‘தள்ளிப் போயிருக்கு’ என்பது நாள்கணக்கிலான தாமதத்தையும் சேர்த்துச் சொல்வது.

‘முழுகாம இருக்கா’ என்றாலே கர்ப்பம் என்று பொருள்கொள்ளும் பேச்சுவழக்கில் மருத்துவ நியாயமும் உண்டு. மருத்துவரும் முதலில் சிறுநீரில் கர்ப்பத்தைத்தான் சோதிப்பார். அது இல்லையென்றால் தைராய்டு, பால் சுரக்கச் செய்யும் ஹார்மோனான புரோலாக்டின், சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். ஆகியவற்றை இரத்தத்தில் பார்த்து, வயிற்றை ஸ்கேன் செய்வார்கள். சினைப்பையில் பல நீர்க்கட்டிகள் காணும் பி.சி.ஓ.எஸ்., தைராய்டுக் கோளாறு, புரோலாக்டின் மிகுதி, திடீர் எடைக்குறைவு, கடும் மனஅழுத்தம், 40 வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துபோதல் ஆகியவை அடிக்கடி காணும் காரணங்கள். மனநோய்க்குத் தரப்படும் சில மாத்திரைகளும் புரோலாக்டினைக் கூட்டுவதால், உட்கொள்ளும் மருந்துகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் நாட்டில் கருப்பைக் காசநோயையும் மறக்கலாகாது. அது உட்சுவரை அரித்துத் தழும்பாக்கிவிட்டால், ஹார்மோன்கள் சரியாக இருந்தும் மாதவிடாய் வராது.

பிள்ளைப்பேறு முடிந்தவர்கள் ‘வராவிட்டால் நிம்மதி’ என்று விட்டுவிடுவது சரியன்று. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனின் குறைவால் நின்றிருந்தால் எலும்பின் அடர்த்தியும் குறையும், பி.சி.ஓ.எஸ். உள்ளவருக்கோ உதிராமல் தடித்துக்கொண்டே போகும் கருப்பை உட்சுவர், ஆண்டுகள் பல கழிந்தால் புற்றுநோய்க்கும் இடமளிக்கக்கூடும்.