‘உனக்கென்ன குறைச்சல்?’ என்று கேட்பதற்கு முன்

“உனக்கென்ன குறைச்சல்? இருக்கிறதை நினைச்சு சந்தோஷமா இரேன்!” ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் வீட்டில் இதைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். சொல்பவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். கேட்பவருக்கோ இருக்கிற சோர்வு போதாதென்று, ‘நான் நன்றி கெட்ட ஜென்மமோ’ என்ற உறுத்தலும் சேர்ந்துகொள்கிறது.

நன்றியுணர்வு மனசுக்கு நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லாவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பிரபலமானது. மாணவர்களில் ஒரு பகுதியினரை, நன்றியோடு நினைக்கும் விஷயங்களை வாரம் ஒருமுறை ஐந்து வரை எழுதச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரை எரிச்சலூட்டியவற்றை எழுதச் சொன்னார்கள். முதல் பகுதியினருக்குத் தங்கள் வாழ்க்கை மீது திருப்தி கூடுதலாக இருந்தது.

இதைக் கேள்விப்பட்டு நோட்டு வாங்கி எழுத ஆரம்பிப்பவர்கள் உண்டு. சில நாட்களிலேயே ‘குடும்பம், ஆரோக்கியம், வேலை’ என்று அதே மூன்று சொற்கள் வரிசை மாறி மாறி வரும். பட்டியலில் பொய் இல்லை, ஆனால் மனசும் இல்லை. உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கி குழுவினர் 2005-இல் எழுதிய கட்டுரையில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. கடமைக்குச் செய்தால் எதுவும் சலித்துப்போகும், இதுவும்தான்.

அதனால் நான் ‘எதற்கெல்லாம் நன்றி சொல்வீர்கள்’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். எந்த வேலையில் கை இறங்கினால் நேரம் போவது தெரிவதில்லை, எங்கே போய் உட்கார்ந்தால் உடம்பு கொஞ்சம் தளர்கிறது, இவ்வளவுதான் கேட்கிறேன்.

ஒருவர் பழைய ரேடியோக்களைச் சரிசெய்பவர் (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்). கழற்றிய ஸ்குருக்களை ஒரு டப்பா மூடியில் வரிசை கலையாமல் வைப்பது, பற்றவைக்கும்போது தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வது, கரகரப்புக்கு நடுவே சட்டென்று ஒரு குரல் தெளிந்து வருவது என்று சொல்லிக்கொண்டே போனார். அப்படியே பேச்சு அவருடைய மாமாவிடம் வந்து நின்றது. இந்த வேலையைப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவர் அவர்தானாம். “அவர்கிட்ட ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை சார்” என்றார். நன்றி என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை.

பிடித்த இடம் என்றதும் மலை, கடல் என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒரு பெண்மணி சொன்ன இடம், மாடிப்படி திரும்பும் மூலையில் இருக்கும் ஜன்னல். அங்கே நிற்கும்போது மட்டும் யாரும் தன்னைக் கூப்பிடுவதில்லை என்றார். ஜன்னலை லேசாக நினைக்காதீர்கள். ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில் ஜன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் படுக்கையை எந்தப் பக்கம் போடுவது என்று யோசிக்கவாவது வைக்கிறது.

பழகிப்போன இடத்தின் அருமையை உணர ஒரு வழி உண்டு. அது கிடைக்காமலே போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எழுதிப் பார்ப்பது. 2008-இல் வந்த ஓர் ஆய்வில், துணையைச் சந்தித்த கதையை எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்கக்கூடிய விதத்தை எழுதியவர்களுக்குத்தான் உறவில் நிறைவு கூடியது. பெரிய இழப்பைச் சந்தித்து அதிக நாள் ஆகாதவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை.

இனி, இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். அதே ரேடியோக்காரரின் மேசையில் தூசி படிய ஆரம்பித்தால்? அந்தப் பெண்மணி ஜன்னலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறினால்? உயிராக நினைத்தது எதிலும் ருசி இல்லாமல் போவது மனச்சோர்வு நோயின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று. மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 படிவத்தின் முதல் கேள்வியே, கடந்த இரண்டு வாரங்களில் எதையும் செய்ய ஆர்வமோ இன்பமோ இல்லாமல் இருந்தீர்களா என்பதுதான். அழுகையே வராமல், வேலைக்கும் போய்க்கொண்டே ஒருவர் இந்த நிலையில் இருக்கலாம். அவரிடம் போய் ‘உனக்கென்ன குறைச்சல்’ என்பது, காய்ச்சலில் கிடப்பவரை நடுங்காதே என்று அதட்டுவதற்குச் சமம்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? புத்திமதியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கூடவே உட்காருங்கள். ஆர்வம் வந்தபிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அது வருவதே இல்லை. ஐந்து நிமிடம், ஒரே ஒரு ஸ்குரு, அவ்வளவு போதும். செயலை முதலில் தொடங்கி மனநிலையைப் பின்னால் வரவைக்கும் இந்த முறைக்கு மனச்சோர்வு சிகிச்சையில் நல்ல இடம் உண்டு.

இரண்டு வாரம் தாண்டியும் இப்படியே இருந்தாலோ, தூக்கமும் பசியும் கெட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும்கூட இப்படிச் சோர்வைத் தரும் என்பதால் பரிசோதனை அவசியம். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் அன்றே உதவி தேட வேண்டும். அதுவரை அவரைத் தனியே விடக் கூடாது. மருத்துவரிடம் ‘மனசு சரியில்லை’ என்பதோடு நிறுத்திவிடாமல், முன்பு எதை விரும்பிச் செய்தீர்கள், அதை எப்போது விட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சிகிச்சை வேலை செய்கிறதா என்று பிறகு பார்ப்பதற்கும் அந்தத் தகவல்தான் எங்களுக்கு உதவும்.