என்ஜின் மாத்தியும் கார் ஓடுதில்லையா, முதல்ல மிஞ்சின போல்ட் பையத் திறந்து பாருங்க

போன மழை தொடங்க முந்தி மட்டக்களப்புக் கல்லடியில இருந்து ஒரு தம்பி கார் ஒண்ட லொறியில ஏத்திக் கொண்டு வந்தார். மஸ்டாட யூனோஸ் ரோட்ஸ்டர், ரெண்டு பேர் மட்டும் இருக்கிற, மேல கன்வஸ் ஹூட் போட்ட சின்ன ஸ்போர்ட்ஸ் கார், 1989ல வெளிவந்த முதல் மொடல், 1.6 என்ஜின். வெளிநாட்டில எம்எக்ஸ்-5, மியாட்டா எண்டு சொல்லுறதும் இதத்தான். எங்கட பக்கம் இத காணுறதே அரிது, கராஜ் வாசல்ல இறக்கி அஞ்சு நிமிசத்தில ஸ்கூல் பொடியன்கள் சுத்தி நிண்டுட்டான்கள்.

பழைய என்ஜின் ஒயில் இல்லாம ஓடி ஜாம் ஆகி, கொழும்பில இருந்து ரீகண்டிஷன் என்ஜின் ஒண்டு எடுத்து வேற இடத்தில மாத்தியிருக்காங்க. மாத்தின நாள்ல இருந்து ஸ்டார்ட் அடிச்சா செல்ஃப், அதாவது என்ஜின சுத்தி எழுப்புற மோட்டர், இழுத்து இழுத்துச் சுத்துது, லைட் மினுங்குது, அக்சிலரேட்டர மிதிச்சா என்ஜின் மூச்சடைச்சு நிக்குது, கல்முனைக்குப் போனா களுவாஞ்சிகுடி தாண்டக்குள்ள ஹீட் ஏறுது. "இந்த என்ஜினும் சரியில்லையாம் அண்ணே, இன்னொண்டு எடுக்கட்டாம்" எண்டு சொல்லி அவர் நிண்ட நிலை பாக்கவே பாவமா இருந்திச்சு, அதுக்கிடையில புது பிளக், பிளக் வயர், செக்கன்ட் ஹேண்ட் ஏர் ஃப்ளோ மீற்றர் எண்டு காசையும் கொட்டி முடிச்சிட்டார்.

நான் முதல்ல செய்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்து அமுங்கிற அழுத்தம், பாத்தது மட்டும்தான். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு, வித்தியாசமே இல்லாத மாதிரி. அப்ப என்ஜின்ல குத்தமில்ல. மறுகா பாக்க வேண்டியது என்ஜின கழட்டிப் பூட்டேக்க கை பட்ட இடங்கள. இத்தனை வருச வேலையில நான் கண்டது இதுதான், என்ஜின் மாத்தின காருக்கு வாற வருத்தம் பெரும்பாலும் என்ஜினுக்குள்ள இல்ல, அதுக்கு வெளியில கழட்டின வயர், ஹோஸ், பிளக் பொயின்ற்லதான் கிடக்கு.

இந்தக் கார்ல பற்றரி முன்னால இல்ல, டிக்கியில. பற்றரிட நெகட்டிவ் டிக்கியிலயே பொடியோட சேருது, செல்ஃபுக்குப் போன கரண்ட் என்ஜின்ல இருந்து ஒரு ஏர்த் பட்டி (என்ஜினையும் பொடியையும் சேக்கிற தடிச்ச வயர்) வழியா பொடிக்கு வந்துதான் பற்றரிக்குத் திரும்பணும். என்ஜின் நிக்கிறது ரப்பர் மவுண்டில, ரப்பர் கரண்ட் கடத்தாது. அதால டிக்கியில இருந்து நீள வயர் ஒண்ட இழுத்து, வோல்ட் மீற்றர்ட ஒரு முனைய பற்றரி நெகட்டிவ்லயும் மற்ற முனைய என்ஜின் புளொக்லயும் வச்சு ஸ்டார்ட் அடிக்கச் சொன்னன். அரை வோல்ட்டுக்குக் கீழ இருக்க வேண்டிய இடத்தில 2.6 வோல்ட் காட்டுது. அக்சிலரேட்டர் கேபிள்ல கைய வச்சன், சுடுது! செல்ஃப் மோட்டருக்குப் போற கரண்ட் திரும்பி வர வழியில்லாம அந்த மெல்லிய கேபிளால வந்திருக்கு, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கேபிள் உள்ளுக்க உருகி இறுகியிருக்கும், ஓடேக்க அப்படி இறுகினா என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்ல.

டிக்கியில ஸ்பெயார் வீலுக்குக் கீழ ஒரு சொப்பிங் பேக், "மிஞ்சின சாமான்" எண்டு தந்து விட்டிருக்காங்க. அதுக்குள்ள ஏழெட்டு போல்ட், ஒரு பிராக்கெட், அந்த ஏர்த் பட்டி. என்ஜின் வேலையில மிஞ்சின சாமான் எண்டு ஒண்டு இல்ல, பூட்டாத சாமான் எண்டுதான் சொல்லணும். கடல் காத்துப் படுற ஊர்ல இருக்கிறவங்க பட்டி இருந்தாலும் நம்பி இருக்காதீங்க, கல்லடி காத்தான்குடிப் பக்கம் வாற வாகனங்கள்ல ஏர்த் பொயின்ற் பச்சை பிடிச்சு பெயின்ற்டுக்கு மேலதான் முறுக்கிக் கிடக்கும். உப்புத்தாள் போட்டு இரும்பு மினுங்கத் தேச்சு, பூட்டி, மேல கிறீஸ் பூசுங்க.

பட்டிய அப்படிப் பூட்டினதும் லைட்டும் செல்ஃபும் சரி. மிதிக்கக்குள்ள மூச்சடைக்கிறது அப்படியே இருந்திச்சு. 1.6ல காத்த அளக்கிறது ஒரு கதவு மாதிரி மடல் வச்ச ஏர் ஃப்ளோ மீற்றர், அந்த மடல் எவ்வளவு திறக்குதோ அதப் பாத்துத்தான் கொம்பியூட்டர் பெற்றோல் விடும். மீற்றருக்கும் த்ரொட்டிலுக்கும் நடுவில ஒரு ஓட்டை இருந்தா அளக்காத காத்து உள்ளுக்க போகும், பெற்றோல் காணாது. இன்னொரு விசயம், பெற்றோல் பம்பிட சுவிச்சும் இந்த மீற்றருக்குள்ளதான் இருக்கு, மடல் மூடினா பம்ப் நிக்கும், ஹோஸ் முழுசாக் கழண்டா என்ஜின் அந்த இடத்திலயே செத்திடும். பெரிய ரப்பர் ஹோஸ மேலால பாத்தா புதுசு மாதிரி, கையால நசுக்கிக் கீழ கிறுக்கிப் பாத்தா மடிப்புக்குள்ள ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. மிதிக்கக்குள்ள என்ஜின் ஒரு பக்கம் சரியும், வெடிப்பு வாய் திறக்கும். அவர் வாங்கின மீற்றர் தேவையே இல்ல, பழசே நல்லா இருந்திச்சு.

டைமிங்கயும், அதாவது பிளக் பொறி விடுற நேரத்தயும், ஆரோ காதால கேட்டு வச்சிருக்காங்க. ஹெட்டுக்குப் பின்னால இருக்கிற கேம் சென்சர கிறுக்கித்தான் டைமிங் வைக்கிறது, ஆனா அதுக்கு முதல் பொனட்டுக்குள்ள இருக்கிற டயக்னோசிஸ் பெட்டியில டி.இ.என் எண்டு எழுதின துளையையும் ஜி.என்.டி எண்டதையும் ஒரு வயர்த் துண்டால சேக்கணும். சேக்காட்டி கொம்பியூட்டர் தன்ட பாட்டுக்கு டைமிங்க மாத்திக் கொண்டிருக்கும், நீங்க ஓடுற மீன்ல அடையாளம் வச்ச மாதிரி. சேத்திட்டு, என்ஜின் நல்லா சூடான பிறகு ஐடில் நிமிசத்துக்கு 850 சுத்து, டைமிங் லைட்ல 10 டிகிரி. இவர்ட 3ல நிண்டிச்சு. ஸ்கேனர் மெசின் கேக்காதீங்க, இது பழைய காலத்துக் கார், இதில அது பூட்டவே ஏலாது.

ஹீட்டுக்குக் காரணம் ரேடியேட்டர் தண்ணிக்குள்ள அகப்பட்ட காத்து. தண்ணி விடக்குள்ள முன்பக்கத்த ஏத்தத்தில நிப்பாட்டி, ஹீட்டர சூட்டில வச்சு, மெதுவா நிரப்பி, ஃபேன் சுத்துற வரைக்கும் ஓட விட்டு, ஆறின பிறகு மறுகா நிரப்பணும். சூட்டோட மூடியத் திறக்கவே கூடாது. ஹீட் மீற்றர்ட ஊசி மேல ஏறிட்டு சடாரெண்டு கீழ விழுந்தா சந்தோசப்படாதீங்க, சென்சரச் சுத்தித் தண்ணி இல்லாம காத்து நிக்குது எண்டும் இருக்கலாம், உடன நிப்பாட்டுங்க.

இந்த என்ஜின வாங்கப் போற ஆக்களுக்கும் ஒண்டு. 1991 நடுப்பகுதி வரைக்கும் வந்த 1.6ல கிராங்க் ஷாஃப்ட்ட முன் முனை, நாங்க மூக்கு எண்டு சொல்லுறது, கட்டை, அதில பூட்டுற புளி (பெல்ட் ஓடுற சில்லு) போல்ட் ஒழுங்கா இறுகாட்டி ரெண்டையும் பிடிக்கிற சாவித் துண்டு தேஞ்சு டைமிங் நடுங்கும். கிராங்க் புளியில நாலு வெட்டு இருந்தா கட்டை மூக்கு, எட்டு இருந்தா நீளம். எட்டத் தேடி எடுங்க. டைமிங் பெல்ட்ட என்ஜின் வெளியில இருக்கக்குள்ளயே புதுசு போடுங்க, உள்ளுக்க போன பிறகு கூலி ரெண்டு மடங்கு.

அந்தத் தம்பி இப்ப கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் ஹூட்ட இறக்கிப் போட்டு ஓடித் திரியிறார். போன கிழமை வந்தவரிட்ட கார்ட பதிவுப் புத்தகத்தில என்ஜின் நம்பர் மாத்தினீங்களா எண்டு கேட்டன், முழிச்சார். என்ஜின் நம்பர் மாறினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதிவு மாத்தணும் தம்பி, செக்கிங்கில நம்பர் பிழைச்சா ஏர்த் பட்டி மாதிரி பையில தேடி எடுக்க ஏலாது எண்டன். நாளைக்குப் போறன் அண்ணே எண்டுட்டுப் போனார், அந்த மேலதிக மீற்றர் இன்னும் என்ட தட்டிலதான் கிடக்கு.