ஒளியால் அணுவைக் குளிர வைப்பது எப்படி?

பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 செயற்கைக்கோளில், அணுவின் மாறாத அதிர்வெண்ணைக் கொண்டு நேரம் காட்டும், நம் நாட்டிலேயே உருவான ருபீடியம் அணுக்கடிகாரம் முதன்முறையாக இடம்பெற்றது. இவ்வகைக் கடிகாரங்களில் ருபீடியம் ஆவியாக இருக்கிறது. சாதாரண வெப்பநிலையிலேயே அந்த அணுக்கள் நொடிக்குச் சுமார் 300 மீட்டர் வேகத்தில் பாய்வதால், ஓர் அணுவை உற்றுநோக்கக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. அணுக்களின் வேகம் குறைவதே அவை குளிர்வது. மிகக் குறைந்த வெப்பநிலையில் உள்ள மீக்குளிர் அணுக்களை ஆராயும் செய்முறை இயற்பியலாளர் தம் பணிக்காலத்தில் பெருமளவு பாடுபடுவது இந்த அவகாசத்தை நீட்டுவதற்காகத்தான்.

அதற்குக் கருவி, ஒளி. கும்மிடிப்பூண்டி நிலையத்தில் நிற்காமல் போகும் விரைவு ரயிலின் ஊதல், நெருங்கும்போது கூர்மையாகவும் கடந்தபின் தணிந்தும் கேட்கும் அல்லவா? அதைப் போலவே, லேசரின் அதிர்வெண்ணை அணு ஏற்கும் அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால், ஒளியை எதிர்த்து வரும் அணுவுக்கு மட்டும் அது உயர்ந்து சரியாகப் பொருந்துகிறது. எனவே அணு தனக்கு எதிரே வரும் ஃபோட்டானையே (ஒளித்துகளையே) பெரும்பாலும் ஏற்று, பின்னர் ஏதோவொரு திசையில் உமிழ்கிறது. ஒருமுறை ஏற்றால் குறையும் வேகம் நொடிக்கு 6 மில்லிமீட்டர்தான். ஆனால் நொடிக்கு ஒரு கோடி முறை இது நிகழக்கூடும் என்பதால், 300 மீட்டர் வேகம் சில மில்லிநொடிகளில் அடங்கிவிடும்.

ஆறு திசைகளிலிருந்தும் லேசரைச் செலுத்தி, 1985இல் ஸ்டீவன் சூ குழுவினர் சோடியம் அணுக்களை 240 மைக்ரோகெல்வினுக்குக் குளிர்வித்தனர் (ஒரு மைக்ரோகெல்வின் என்பது தனிச்சுழியிலிருந்து, அதாவது இயற்கையில் சாத்தியமான மிகக் குறைந்த வெப்பநிலையிலிருந்து, ஒரு டிகிரியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அதுவே எல்லை என்றது கோட்பாடு. 1988இல் வில்லியம் ஃபிலிப்ஸ் குழுவினர் அளந்தபோதோ சுமார் 40 மைக்ரோகெல்வின்தான் இருந்தது. கணக்கைவிடச் சோதனை நன்றாக அமைவது இத்துறையில் அபூர்வம். அவர்களே நம்பாமல் வேறு வேறு வழிகளில் அளந்து பார்த்தார்கள். அணுவின் உள்நிலைகளும் ஒளியின் முனைவாக்கமும் (ஒளியலை அதிரும் திசையும்) சேர்ந்து செய்யும் வேலை இது என்பதை விளக்கியவர்களில் முக்கியமானவர் கிளாட் கோஹன்-தனூஜி. மூவருக்கும் 1997இல் நோபல் பரிசு கிடைத்தது.

அன்றாட ஆய்வகப் பணியில் இத்தகைய மகிமை குறைவு. ருபீடியத்துக்கான 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு அரிதாகவே புலப்படும். கற்றை எங்கே விழுகிறது என்பதை அகச்சிவப்பு ஒளி பட்டால் ஒளிரும் அட்டையை நீட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அறையின் ஏசி சற்றுத் தடுமாறினாலும் லேசர் விலகும். கண்ணாடித் திருகை மயிரிழை திருப்பியதும், வெற்றிடக் கலத்தினுள் இருந்த அணுக்கூட்டம் கேமரா திரையிலிருந்து மறைந்துவிடலாம்.

இப்படிக் குளிர்வித்த சீசியம் அணுக்களை மேல்நோக்கி எறிந்து, ஒரே நுண்ணலைப் பெட்டியை ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் கடக்கச் செய்வதுதான் நீரூற்றுக் கடிகாரம். பழைய வகைக் கடிகாரங்களின் சூடான அணுக்கற்றையில் இரு கடப்புகளுக்கு நடுவே சில மில்லிநொடிகளே கிடைக்கும் இடைவெளி இங்கே அரை நொடியாக நீள்கிறது; அது எத்தனை மடங்கு நீள்கிறதோ, அத்தனை மடங்கு கூர்மையாக அணுவின் அதிர்வெண்ணை அளக்க முடிகிறது.